உயிரோடு போய்ச் சேர வேண்டும்

(திருத்தணியில் செல்லப்பிராணி வளர்ப்போர் கூட்டத்தில் கால்நடை மருத்துவர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நாய்களைப் பற்றிய கூட்டம் என்றால் வெறிநோய்த் தடுப்பூசியைப் பற்றித்தான் பேச்சு இருக்கும் என்று நினைத்து வந்திருப்பீர்கள். தடுப்பூசிதான் முதல் கடமை. அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம். அந்தக் கடமையை முடித்தவர்கள் அடுத்து என்னிடம் கேட்பது பெரும்பாலும் வயிற்றைப் பற்றி. "டாக்டர், நாய்க்கு வயிறு போகுது." "டாக்டர், தீபாவளி வெடிச் சத்தத்துல மிரண்டதுலருந்து மலம் தண்ணியாப் போகுது." இப்படி வருகிறவர்களின் மருந்துச் சீட்டில் இப்போதெல்லாம் ஒரு புரோபயாடிக் பாக்கெட்டும் இடம்பெறுகிறது. அதை வாங்குகிறீர்கள், சோற்றில் கலக்குகிறீர்கள், நாய் தின்கிறது. சிலருக்குப் பலன் தெரிகிறது. சிலர் மறுமுறை வந்து, "அந்தப் பொடி ஒண்ணும் செய்யலை, டாக்டர்" என்கிறார்கள்.

ஏன் செய்யவில்லை? பல காரணங்கள் இருக்கலாம். அவற்றில் ஒன்றைத்தான் இன்று விரிவாகச் சொல்லப்போகிறேன். அந்தப் பாக்கெட்டில் இருப்பது மருந்துப்பொடி மட்டும் அல்ல, கோடிக்கணக்கான உயிர்கள். அவை தொழிற்சாலையிலிருந்து கிளம்பி, லாரியில் ஏறி, கடை அலமாரியில் உட்கார்ந்து, உங்கள் வீட்டுக்கு வந்து, நாயின் இரைப்பையைத் தாண்டி, பெருங்குடல் வரை உயிரோடு போய்ச் சேர வேண்டும். வழியில் செத்துவிட்டால் நீங்கள் கொடுத்த காசுக்குச் செத்த பாக்டீரியாதான் மிச்சம். அந்த உயிர்களைக் காப்பாற்றும் பொறுப்பில் பாதி தயாரிப்பவருடையது. மீதிப் பாதி விற்பவருடையதும் நம்முடையதும். நம் பங்கை நாம் சரியாகச் செய்வதில்லை என்பதே நான் சொல்ல வந்த செய்தி.

புரோபயாடிக் என்றால் என்ன?

பால் புளிக்கச் செய்யும் பாக்டீரியா உடலுக்கு நன்மை தரும் என்ற கருத்தை 1907-ஆம் ஆண்டிலேயே விரிவாக எழுதியவர் அன்றைய ரஷ்யப் பேரரசில் பிறந்து பாரிசில் பாஸ்டர் நிறுவனத்தில் பணியாற்றிய இலியா மெச்னிகோவ். அடுத்த ஆண்டே, நோய் எதிர்ப்புச் சக்தி பற்றிய ஆய்வுக்காக அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இன்று நாம் பயன்படுத்தும் இலக்கணம் 2001-ல் அர்ஜென்டினாவின் கோர்டோபா நகரில் ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பும் உலகச் சுகாதார நிறுவனமும் கூட்டிய நிபுணர் கூட்டத்தில் உருவானது. அதன் சாரம் இதுதான்: உயிருள்ள நுண்ணுயிராக இருக்க வேண்டும், போதுமான அளவில் கொடுக்கப்பட வேண்டும், கொடுக்கப்பட்ட உடலுக்கு நன்மை செய்ய வேண்டும்.

மூன்று நிபந்தனைகள். முதல் இரண்டும் உயிரையும் எண்ணிக்கையையும் பற்றியவை என்பதைக் கவனியுங்கள். எந்த உயர்ந்த ரக பாக்டீரியாவாக இருந்தாலும், செத்துப்போனாலோ எண்ணிக்கை குறைந்துபோனாலோ அது இந்த இலக்கணத்துக்குள் வராது.

நாயின் பெருங்குடலில் ஏற்கெனவே நுண்ணுயிர்களின் பெருங்கூட்டம் குடியிருக்கிறது. செரிக்காமல் வந்து சேரும் நாரையும் மிச்சமீதியையும் அவை நொதிக்கச் செய்து சிறுசங்கிலிக் கொழுப்பு அமிலங்களாக மாற்றுகின்றன. பெருங்குடலின் உட்சுவர் செல்களுக்கு அவையே முக்கியமான உணவு. பேதி, குடற்புழு, திடீர்த் தீனி மாற்றம், பயம், ஆன்டிபயாடிக் மருந்து — எதனாலும் இந்தக் கூட்டத்தின் சமநிலை குலையலாம். நாய்ப் பேதிக்கு நாம் தாராளமாகக் கொடுக்கும் மெட்ரோநிடசோல் மாத்திரையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆரோக்கியமான நாய்களுக்கு அதைக் கொடுத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2020-ல் வெளியானது. மருந்தை நிறுத்தி நான்கு வாரம் கழித்தும் சில நாய்களின் குடல் நுண்ணுயிர்கள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை.

இந்த இடத்தில்தான் புரோபயாடிக் துணைக்கு வருகிறது. ஆனால் வெளியிலிருந்து வரும் இந்த பாக்டீரியா பெரும்பாலும் குடலில் நிரந்தரமாகத் தங்குவதில்லை. கொடுப்பதை நிறுத்தினால் சில நாட்களில் மறைந்துவிடும். அதனால்தான் தினமும் கொடுக்கச் சொல்கிறோம். ஒவ்வொரு நாளும் போதுமான எண்ணிக்கை உயிரோடு போய்ச் சேர வேண்டும் என்கிறோம்.

அக்னி நட்சத்திரமும் அலமாரியும்

முதல் ஆபத்து நாயின் வயிற்றில் இல்லை. நம் ஊர் வெயிலில் இருக்கிறது.

கோடை வந்தால் வானிலைச் செய்தியில் வேலூரோடு சேர்ந்து வரும் பெயர் திருத்தணி. அக்னி நட்சத்திர நாட்களில் 40 டிகிரி செல்சியசைத் தாண்டுவது நமக்கு வாடிக்கை. அது நிழலில் அளக்கும் கணக்கு. வெயிலில் நிறுத்திய காருக்குள் 60 டிகிரியைக்கூட எட்டும். ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் இருக்கும் டிக்கியும் அப்படித்தான் கொதிக்கும். மத்தியானம் மெடிக்கலில் பாக்கெட்டை வாங்கி டிக்கியில் போட்டுவிட்டு, அப்படியே படியேறிச் சாமி தரிசனம் முடித்து, சாயங்காலம் வீட்டுக்குப் போகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். முந்நூற்று அறுபத்தைந்து படி ஏறி இறங்குவதற்குள் டிக்கியில் இருக்கும் உயிர்களின் கதி என்ன ஆகும்?

உலர்ந்த நிலையில் இருக்கும் பாக்டீரியா எப்படி உயிரோடு இருக்கிறது என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். தொழிற்சாலையில் பாக்டீரியாவைப் பெரிய கலன்களில் வளர்த்துப் பிரித்தெடுக்கிறார்கள். அதோடு கொழுப்பு நீக்கிய பால் பொடியையோ டிரெஹலோஸ் போன்ற சர்க்கரையையோ சேர்க்கிறார்கள். பிறகு கடுங்குளிரில் உறைய வைத்து, காற்றை உறிஞ்சி எடுத்த அறையில் பனிக்கட்டி நீராகாமல் நேரே ஆவியாகிப் போகும்படி செய்கிறார்கள். இதுதான் உறைஉலர்த்தல். சேர்த்த சர்க்கரையும் பால் புரதமும், நீர் போன இடத்தில் நின்று செல்லின் சவ்வு உடையாமல் தாங்கிக்கொள்கின்றன. இந்த நிலையில் பாக்டீரியா சாகவில்லை. வேலை எதுவும் செய்யாமல் அடங்கிக் கிடக்கிறது.

நம் விவசாயிகளுக்கு இது புதிதல்ல. விதைநெல்லை நன்றாகக் காயவைத்து, ஈரம் படாமல், சூடு ஏறாமல் எடுத்துவைத்தால் அடுத்த பட்டத்துக்கு முளைக்கும். ஈரம் கண்டால் பாழாகும். இந்த உலர்ந்த பாக்டீரியாவும் அதே பக்குவத்தைத்தான் கேட்கிறது.

அதற்கு எதிரிகள் மூன்று: சூடு, ஈரம், காற்றில் உள்ள ஆக்சிஜன். சூடு ஏற ஏறச் சாவின் வேகம் பல மடங்காகிறது. ஈரம் சேர்ந்தால் அடங்கிக் கிடந்த செல் அரைகுறையாக விழித்துக்கொள்கிறது. தின்ன எதுவும் இல்லாமல் செத்துப்போகிறது. ஆக்சிஜன் செல் சவ்வின் கொழுப்பைச் சிதைக்கிறது. அதனால்தான் பொடியில் உள்ள நீரின் செயலூக்கத்தை 0.25-க்குக் கீழே வைக்கப் பார்க்கிறார்கள். அலுமினியத் தாள் ஒட்டிய பாக்கெட்டில் அடைக்கிறார்கள். டப்பாவாக இருந்தால் உள்ளே ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுகிறார்கள். நம் வீடுகளில் அதை முதல் வேலையாக எடுத்து எறிந்துவிடுகிறோம். நாயோ குழந்தையோ வாயில் போட்டுக்கொள்ளக் கூடாது என்ற அச்சம் சரிதான். அதற்கு டப்பாவை எட்டாத உயரத்தில் வையுங்கள். பொட்டலம் உள்ளேயே இருக்கட்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இது விளக்கத்துக்காகச் சொல்லும் கணக்கு. ஒரு பாக்கெட் கட்டும்போது அதில் 100 கோடி உயிர்கள் இருந்தன என்று வைத்துக்கொள்ளுங்கள். சரியாக வைக்காததால் மாதம் பாதி செத்துப்போகிறது. ஆறு மாதம் கழித்து மிஞ்சுவது ஒன்றரைக் கோடி. அதில் பத்தில் ஒன்பது பங்கு நாயின் இரைப்பையில் அழிகிறது. குடலுக்குப் போவது 15 லட்சம். நூறு கோடி என்று அட்டையில் அச்சிட்டதைப் படித்துவிட்டு நாம் 15 லட்சத்தைக் கொடுத்திருக்கிறோம். பிறகு, "அந்தப் பொடி ஒண்ணும் செய்யலை" என்கிறோம்.

ஃபிரிட்ஜில் வைத்தால் போதுமா? அட்டையில் 2 முதல் 8 டிகிரி என்று போட்டிருந்தால் கட்டாயம் ஃபிரிட்ஜில்தான் வைக்க வேண்டும். ஆனால் கதவுத் தட்டில் வைக்காதீர்கள். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அங்கேதான் அதிகம் சூடேறும். நடுத்தட்டில், உள்பக்கமாக வையுங்கள். அதைவிட முக்கியமான ஒன்று. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த டப்பாவை அப்போதே திறக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் காற்று ஈரமாக இருக்கும்போது குளிர்ந்த பொடியின் மேல் காற்றின் ஈரம் துளியாகப் படியும். குளிர்ந்த தண்ணீர் பாட்டிலின் வெளிப்பக்கம் வியர்க்கிறதே, அதே ஈரம் பொடிக்குள் போகும். டப்பாவை வெளியே எடுத்துவைத்து, அதன் குளிர் போன பிறகு திறந்து, உலர்ந்த கரண்டியால் எடுத்து, உடனே மூடுங்கள். இந்தத் தொல்லை வேண்டாம் என்றால் ஒரு வேளைக்கு ஒன்றாகக் கிடைக்கும் சிறு பாக்கெட்டுகளை வாங்குங்கள். நம் ஊர்ச் சூழலுக்கு அதுவே ஏற்றது. பெரிய டப்பா மலிவு என்று வாங்கி நாளுக்கு ஒருமுறை திறந்து மூடினால், மாதக் கடைசியில் எடுக்கும் கரண்டியில் என்ன மிஞ்சியிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

கடைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. வெறிநோய்த் தடுப்பூசியை ஐஸ் வைத்த பெட்டியில் கொண்டுவந்து ஃபிரிட்ஜில் வைக்கிறீர்கள். குளிரில் வைக்கச் சொல்லும் புரோபயாடிக்கையும் அதே மரியாதையோடு நடத்துங்கள். வெயில் படும் கண்ணாடி அலமாரியில் அழகாக அடுக்கிவைக்கும் பொருள் இல்லை அது.

நாயின் இரைப்பை மனிதனுடையது போன்றதல்ல

கடையையும் வீட்டையும் தாண்டி வந்த பாக்டீரியாவுக்கு அடுத்த ஆபத்து இரைப்பை அமிலம்.

மனிதர்களுக்கான புரோபயாடிக் பற்றிப் படித்தவர்கள், "உணவோடு கொடுத்தால் அமிலம் குறையும், பாக்டீரியா பிழைக்கும்" என்று சொல்வார்கள். மனிதனுக்கு அது பெரும்பாலும் பொருந்தும். நாய்க்கு அப்படியே பொருந்தாது. பீகிள் இன நாய்களின் இரைப்பையில் அமிலத்தன்மையை நேரடியாக அளந்து 2009-ல் வெளியிட்ட ஓர் ஆய்வு இருக்கிறது. வெறும் வயிற்றில் பி.எச். அளவு ஏறக்குறைய 2. உணவு தின்ற பிறகு அது 1-ஐ ஒட்டி இறங்கியது. பி.எச். அளவில் ஒரு எண் இறங்கினால் அமிலத்தன்மை பத்து மடங்கு கூடுகிறது என்று பொருள். எலும்பையும் இறைச்சியையும் செரிக்கப் பிறந்த உயிர் நாய். தீனி உள்ளே போனதும் அதன் இரைப்பை அமிலத்தை வாரிச் சுரக்கிறது. தீனி கூடினால் இரைப்பையில் தங்கும் நேரமும் கூடுகிறது.

அப்படியானால் உணவோடு கொடுக்கக் கூடாதா? கொடுக்கலாம். உணவில் உள்ள புரதமும் கொழுப்பும் பாக்டீரியாவைச் சுற்றி நின்று ஓரளவு மறைக்கும். பொடியைத் தனியாகத் தின்ன நாயும் சம்மதிக்காது. ஆனால் உணவை மட்டும் நம்ப முடியாது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு பெரிய தட்டுச் சோற்றில் கலந்து நாய் பாதியைத் தின்று பாதியை விட்டுவைப்பதைவிட, உடனே தின்று முடிக்கும் சிறிது உணவில் கலந்து முதலில் கொடுப்பது நல்லது. கலந்த உணவைத் தட்டிலேயே மணிக்கணக்கில் விட்டுவைத்தால் பொடி ஈரத்தில் ஊறி, உலர்த்திவைத்ததன் பயனே போய்விடும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, சோறு ஆறியிருக்க வேண்டும். குக்கரிலிருந்து எடுத்த சூட்டோடு பிசைந்து பொடியைத் தூவுகிறவர்கள் இருக்கிறார்கள். லாக்டோபேசிலஸ் போன்ற சாதாரண புரோபயாடிக் பாக்டீரியா வகைகளுக்கு 60 டிகிரி சூடே எமன். உங்கள் உள்ளங்கையில் வைத்தால் வெதுவெதுப்புகூடத் தெரியக் கூடாது. அந்தப் பதம் வந்த பிறகே கலக்க வேண்டும்.

இரைப்பையைத் தாண்டினால் சிறுகுடலில் பித்தநீர் காத்திருக்கிறது. கொழுப்பைச் செரிக்க உதவும் பித்த உப்புகள் பாக்டீரியாவின் கொழுப்புச் சவ்வையும் கரைக்கப் பார்க்கும். அவற்றை முறித்துப்போடும் நொதி சில பாக்டீரியாக்களிடம் உண்டு, பலவற்றிடம் இல்லை. ஒரே பெயருடைய இனத்துக்குள்ளேயே ஒரு ரகம் அமிலத்தையும் பித்தத்தையும் தாங்கும், இன்னொரு ரகம் தாங்காது. அதனால்தான் ரகத்தின் பெயரைப் பார்த்து வாங்கச் சொல்கிறோம்.

மண்டபம் கடலோரத்திலிருந்து ஓர் உறை

இந்தப் பயணத்தில் பாக்டீரியாவுக்கு ஒரு கவசம் போட்டு அனுப்ப முடியாதா என்று அறிவியலாளர்கள் யோசித்தார்கள். அந்தக் கவசத்தின் மூலப்பொருள் நம் தமிழகக் கடலிலேயே கிடைக்கிறது.

மன்னார் வளைகுடாவில் மண்டபம், இராமேசுவரம் பக்கத்தில் கடலில் இறங்கிப் பாசி எடுக்கும் பெண்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவர்கள் எடுக்கும் பாசிகளில் சர்காசம், டர்பினேரியா என்ற பழுப்புப் பாசிகள் உண்டு. அவற்றிலிருந்து கிடைக்கும் பொருள் ஆல்ஜினேட். ஐஸ்கிரீமைக் கெட்டியாக்குவது முதல் பல் மருத்துவர் அச்சு எடுப்பது வரை பல வேலைக்குப் பயன்படுவது.

1980-ஆம் ஆண்டு ஃபிராங்க்ளின் லிம், ஆண்டனி சன் என்ற இருவர் இன்சுலின் சுரக்கும் கணையத் திட்டுகளை ஆல்ஜினேட் உறைக்குள் வைத்து நீரிழிவுள்ள எலிகளின் உடலில் செலுத்தி, அவை வேலை செய்வதைக் காட்டினார்கள். உயிருள்ள செல்லை மெல்லிய உறைக்குள் பாதுகாத்து உடலுக்குள் அனுப்பலாம் என்பது அதில் தெளிவாயிற்று. அதே வழியில் பாக்டீரியாவையும் உறைக்குள் வைக்கத் தொடங்கினார்கள்.

அதன் செய்முறை பார்க்க எளிமையானது. சோடியம் ஆல்ஜினேட்டைத் தண்ணீரில் கரைத்தால் கஞ்சிபோல வழவழப்பாக இருக்கும். அதில் பாக்டீரியாவைக் கலந்து, ஊசி வழியாகக் கால்சியம் குளோரைடு கரைசலில் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். சொட்டு கரைசலைத் தொட்டதுமே அதன் வெளிப்புறம் இறுகி ஜவ்வரிசி போன்ற மணியாகிவிடும். கால்சியம் ஆல்ஜினேட் சங்கிலிகளைக் கோத்துப் பிடித்துக்கொள்வதால் இது நடக்கிறது. இரைப்பை அமிலத்தில் இந்த மணி கரைவதில்லை; சுருங்கி இறுகுகிறது. குடலுக்குப் போனதும் அமிலம் தணிகிறது, அங்குள்ள பாஸ்பேட் போன்றவை கால்சியத்தைப் பிடுங்கிக்கொள்கின்றன, மணி தளர்ந்து உள்ளிருக்கும் பாக்டீரியாவை விடுவிக்கிறது. எங்கே காக்க வேண்டுமோ அங்கே இறுகி, எங்கே திறக்க வேண்டுமோ அங்கே தளரும் உறை.

இதிலும் குறை உண்டு. ஆல்ஜினேட் மணியில் நுண்துளைகள் இருப்பதால் அமிலம் கொஞ்சம் கசிந்து உள்ளே போகும். அதைத் தடுக்க, இறால், நண்டு ஓடுகளிலிருந்து எடுக்கும் கைட்டோசானை மேற்பூச்சாகப் பூசுகிறார்கள். கொழுப்பாலும் பூச்சு இடுகிறார்கள். மனிதர்களுக்கான சில காப்ஸ்யூல்களில் அமிலத்தில் கரையாத, குடலில் மட்டும் கரையும் உறை இருக்கிறது. அந்த மாதிரிக் காப்ஸ்யூலை உடைத்துப் பொடியை மட்டும் நாயின் சோற்றில் கொட்டினால் காசு கொடுத்து வாங்கிய கவசத்தை நாமே கழற்றி எறிந்ததாகிவிடும். உறையிட்ட மணிகளை அம்மியிலோ மிக்சியிலோ பொடிப்பதும் அப்படித்தான்.

கவசம் வேண்டாத உயிர்களும் உண்டு. பேசில்லஸ் குடும்பத்தைச் சேர்ந்த சில பாக்டீரியாக்கள் தாமே வித்தாக மாறி, சூட்டையும் அமிலத்தையும் தாங்கும். மெடிக்கலில் சின்னப் பிளாஸ்டிக் குப்பிகளில் கிடைக்கும் பேசில்லஸ் கிளாசி அப்படிப்பட்டது. லாக்டோபேசிலஸ் ஸ்போரோஜீனஸ் என்று இன்னும் பல அட்டைகளில் அச்சாகிக்கொண்டிருப்பது உண்மையில் பேசில்லஸ் கோயாகுலன்ஸ். அதுவும் வித்து உண்டாக்கும் வகை. நாய்களுக்கான உலர் தீனியைக் கடுஞ்சூட்டிலும் அழுத்தத்திலும் பிதுக்கித் தயாரிக்கிறார்கள். அந்தச் சூட்டில் லாக்டோபேசிலஸ் பிழைக்காது. அதனால் தீனி ஆறிய பிறகு மேலே பூச வேண்டும், இல்லையென்றால் இந்த வித்து வகைகளைச் சேர்க்க வேண்டும். கோடையில் ஃபிரிட்ஜ் வசதி இல்லாத வீட்டுக்கு இந்த வகைகள் பாதுகாப்பானவை.

இன்னொன்று ஈஸ்ட் வகை. பிரெஞ்சு ஆய்வாளர் ஹென்றி பூலார் 1920-களில் இந்தோசீனாவில் லிச்சி, மங்குஸ்தான் பழங்களிலிருந்து பிரித்தெடுத்தது சாக்ரோமைசிஸ் பூலார்டி. அது பாக்டீரியா அல்ல. ஆகவே பாக்டீரியாவைக் கொல்லும் ஆன்டிபயாடிக் அதைத் தொடுவதில்லை. ஆனால் பூஞ்சைக்குக் கொடுக்கும் மருந்தோடு சேர்த்துக் கொடுத்தால் வீணாகும். மற்ற வகைகளை ஆன்டிபயாடிக்கோடு கொடுக்க நேர்ந்தால் இரண்டுக்கும் நடுவே குறைந்தது இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள்.

அட்டையைப் படிக்கும் பழக்கம்

கனடாவின் குவெல்ஃப் நகரில் உள்ள ஆன்டாரியோ கால்நடை மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் ஒரு சோதனையின் முடிவுகளை 2003-ல் வெளியிட்டார்கள். புரோபயாடிக் உண்டு என்று விளம்பரம் செய்த நாய், பூனைத் தீனிகள் 19-ஐ வாங்கி உள்ளே என்ன வளர்கிறது என்று பார்த்தார்கள். அட்டையில் போட்டிருந்த நுண்ணுயிர்கள் எல்லாம் இருந்த தீனி ஒன்றுகூட இல்லை. ஐந்தில் சம்பந்தப்பட்ட எந்த நுண்ணுயிருமே வளரவில்லை. அது கனடாவில், குளிர் நாட்டில். நம் வெயிலில் எவ்வளவு எச்சரிக்கை வேண்டும் என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

அட்டையில் நான்கு விஷயங்களைப் பாருங்கள். ஒன்று, இனப் பெயரோடு ரகத்தின் குறியீடும் இருக்கிறதா? என்டெரோகாக்கஸ் ஃபேசியம் என்று மட்டும் போட்டிருந்தால் போதாது; எஸ்எஃப்68 என்பதுபோல ரகமும் தெரிய வேண்டும். நாய்களில் நெடுங்காலமாக ஆராயப்பட்ட ரகங்களில் அது ஒன்று. இரண்டு, எண்ணிக்கை எத்தனை கோடி என்று போட்டிருக்கிறதா, அது தயாரித்த நாளில் இருந்த எண்ணிக்கையா, காலாவதி நாள் வரை உறுதி தரும் எண்ணிக்கையா? காலாவதி நாள் வரை உறுதி தருவதையே வாங்குங்கள். மூன்று, எந்த வெப்பநிலையில் வைக்கச் சொல்லியிருக்கிறார்கள்? நான்கு, வேறு என்ன சேர்த்திருக்கிறார்கள்? மனிதர்களுக்கான சர்க்கரையில்லாத மெல்லும் மாத்திரைகள் சிலவற்றில் சைலிட்டால் என்ற இனிப்பு இருக்கும். நமக்கு அது கெடுதல் செய்யாது. நாய்க்கு இரத்தச் சர்க்கரையைத் தடாலென்று இறக்கி உயிருக்கே உலைவைக்கும்.

தயிர்ச் சோறு

இவ்வளவு எதற்கு, தயிர்ச் சோறு போட்டால் போதாதா என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. நம் வீட்டு நாய்கள் தலைமுறை தலைமுறையாகத் தயிர்ச் சோற்றில் வளர்ந்தவை. தயிரை நான் குறை சொல்ல மாட்டேன். பாலில் உள்ள லாக்டோஸ் சர்க்கரை வளர்ந்த நாய்களுக்குச் சரியாகச் செரிக்காது. தயிரில் அது குறைந்துவிடுவதால் பாலைவிடத் தயிர் ஏற்றது. வயிறு சரியில்லாத நாய்க்குக் குழைந்த சோற்றில் கொஞ்சம் புளிக்காத தயிர் நல்ல பத்தியம். ஆனால் பால் உறைய வைக்கும் பாக்டீரியாவில் பெரும்பகுதி நாயின் அமிலத்தையும் பித்தத்தையும் தாண்டிப் போகாது. எத்தனை போகும் என்ற கணக்கும் நம்மிடம் இல்லை. தயிரை உணவாகக் கொடுங்கள். மருத்துவர் எழுதிய புரோபயாடிக்குக்கு மாற்றாக நினைக்காதீர்கள்.

தயிர்ச் சோற்றில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. நமக்கென்று தாளித்ததில் மிச்சத்தை நாய்க்கு வைக்கிறோம். அதில் சின்ன வெங்காயம் இருந்தால் நாயின் இரத்தச் சிவப்பணுக்கள் உடையும். விசேஷ நாட்களில் திராட்சை போட்டுப் பிசைந்த தயிர்ச் சோறு நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். உலர்திராட்சை சேர்த்த பஞ்சாமிர்தமும் அப்படியே. கோயில் பிரசாதம் என்று அன்போடு கொடுப்பீர்கள். நாய்க்கு அதைத் தவிர்த்துவிடுங்கள்.

பார்க்க வேண்டிய எல்லை ஒன்றும் உண்டு. மலத்தில் இரத்தம், விடாத வாந்தி, சுருண்டு படுத்தல், தண்ணீர் குடிக்க மறுத்தல், குட்டிக்குப் பேதி — இவை எதைக் கண்டாலும் பொடியைத் தேடிக்கொண்டிருக்காமல் உடனே கால்நடை மருந்தகத்துக்கு வாருங்கள். பார்வோ வைரஸ் தாக்கிய குட்டியை எந்தப் புரோபயாடிக்கும் தனியாகக் காப்பாற்றாது. அதற்கு முதலில் வேண்டியது நரம்பு வழியாக ஏற்றும் திரவம். அதைவிட முன்னதாக வேண்டியது தடுப்பூசி.

நம் நாய்க்கு நம் நாட்டு ரகம்

நம் நாட்டில் நடந்த ஓர் ஆய்வோடு முடிக்கிறேன். உத்தரப்பிரதேசத்தில் பரேலி அருகே இசட்நகரில் இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. அங்குள்ள விஞ்ஞானிகள் நாயின் மலத்திலிருந்தே லாக்டோபேசிலஸ் ஜான்சோனி இனத்தில் ஒரு ரகத்தைப் பிரித்தெடுத்து சிபிஎன்23 என்று பெயரிட்டார்கள். பாலிலிருந்து வந்த லாக்டோபேசிலஸ் அசிடோஃபிலஸ் ரகம் ஒன்றோடு அதை ஒப்பிட்டு, லாப்ரடார் நாய்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 2017-ல் முடிவுகள் வந்தன. நாயிலிருந்து வந்த ரகத்தைத் தின்ற நாய்களுக்கு நார்ச்சத்து செரிப்பது கூடியது. மலத்தில் அம்மோனியா குறைந்தது. நான் முன்பு சொன்ன சிறுசங்கிலிக் கொழுப்பு அமிலங்கள் கூடின. நாயின் குடலில் பிறந்து வளர்ந்த பாக்டீரியா நாயின் அமிலத்துக்கும் பித்தத்துக்கும் ஏற்கெனவே பழகியது என்பதே இந்த வழியை நம்புவதற்குக் காரணம்.

நமக்கும் இராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று சொந்த நாய் இனங்கள் இருக்கின்றன. இந்த வெயிலிலும் இந்த மண்ணிலும் பல தலைமுறைகளாக வாழ்ந்த நாய்கள் அவை. 1989-ல் தொடங்கிய தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் நமக்கு இருக்கிறது. அதன் உணவு, பால் தொழில்நுட்பக் கல்லூரி நம் திருவள்ளூர் மாவட்டத்திலேயே கொடுவெளியில் இருக்கிறது. உறையிடத் தேவையான ஆல்ஜினேட்டுக்கு நம் கடலே இருக்கிறது. நம் நாய்களின் குடலில் வாழும் நல்ல ரகங்களைக் கண்டெடுத்து, 40 டிகிரி வெயிலில் அலமாரியில் இருந்தாலும் சாகாத வடிவில் தர வேண்டும் என்று நம் ஆய்வாளர்களையும் அரசையும் இந்த மேடையிலிருந்து கேட்டுக்கொள்கிறேன்.

அதுவரை நம் கையில் உள்ளதை நாம் செய்வோம். ஒரு மாதத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்குங்கள். கோடையில் வாங்கினால் தெர்மோகோல் பெட்டியில் ஐஸ் பையோடு எடுத்துப்போங்கள். வண்டி டிக்கியில் வைக்காதீர்கள். அட்டை சொல்லும் வெப்பநிலையில் வையுங்கள். ஈரக் கரண்டி படக் கூடாது. ஆறிய, சிறிதளவு உணவில் கலந்து, நாய் உடனே தின்றுவிடும்படி கொடுங்கள். மருத்துவர் சொன்ன நாள் வரை ஒரு நாளும் விடாமல் கொடுங்கள். இவற்றில் எதற்கும் பெரிய செலவு இல்லை. கொஞ்சம் கவனம்தான் வேண்டும்.

வாயில்லா ஜீவன் தன் வயிற்று வலியை நம்மிடம் சொல்லாது. அதற்குக் கொடுக்கும் மருந்து உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துக் கொடுக்க வேண்டியவர்கள் நாம்தான். இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் அலமாரியில் இருக்கும் பாக்கெட்டை எடுத்து, காலாவதி நாளையும் வைக்கச் சொன்ன வெப்பநிலையையும் ஒருமுறை படித்துப் பாருங்கள்.